விரல் விட்டு எடுத்த அளவு

அந்தச் சீருடைத் தையல் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘கத்தரி’ என்றால் போதும், திரும்பிப் பார்ப்பாள். பார்க்கிற பார்வையிலேயே கூப்பிட்டவருக்கு ஏன்டா கூப்பிட்டோம் என்று ஆகிவிடும்.

இருபத்தாறு வருஷமாக வெட்டு மேசை அவளுடையது. எட்டு அடுக்குத் துணியை விரித்து, மேலே அளவு அட்டையை வைத்து, சாக்கட்டியால் கோடு இழுத்து, முழங்கை நீளக் கத்தரியை உள்ளே விட்டால் மறுகரை தொடும்வரை நிறுத்த மாட்டாள். வெட்டிய எட்டையும் அடுக்கிப் பார்த்தால் ஓரத்தில் நூலிழை வித்தியாசம் இருக்காது. இத்தனை வருஷத்தில் நல்லா வெட்டினாய் என்று அவளிடம் சொன்னவர்களும் இல்லை, சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளும் அவள் இல்லை.

போன வருஷம் வலது மார்பில் கட்டி வந்தது. மருத்துவமனையில் கட்டியை எடுத்தார்கள், கூடவே அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். ஐந்தாவது மாதம் மறுபடி மேசைக்கு வந்துவிட்டாள். எட்டாவது மாதம் ஒரு நாள் காலையில் ரவிக்கை போடும்போது வலது கை உள்ளே நுழையவில்லை. இடது கை நுழைந்தது. ரவிக்கையின் இரண்டு கையும் ஒரே அட்டையில் அவளே வெட்டியவை. அவள் துணியைத் திட்டினாள். பிறகு சோப்பைத் திட்டினாள். ரவிக்கையைத் துவைத்துப் போட்ட வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. அந்த மனிதர் வேன் ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில் கழிகிறது, மீதி நாள் இவளுக்குத் தலையாட்டுவதில் கழிகிறது.

“துணி ரெண்டு பக்கமும்தானே சுருங்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

அப்படிக் கேட்டதற்கு அன்றைக்கு அவருக்குக் காலைச் சாப்பாடு இல்லை.

கை வீங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது மேலே வர அரை நிமிஷம் ஆயிற்று. வேறு எவர் கண்ணில் படாவிட்டாலும் கூடத்தின் சூப்பர்வைசர் கண்ணில் பட்டது. நிமிஷத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். கத்தரியின் வளையத்துக்குள் அவள் கட்டைவிரல் போகாமல் சிக்குவதை அவர் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் வந்து மேசையில் கையை ஊன்றினார்.

“ஏம்மா, பள்ளிக்கூட ஆர்டர் வருது. இந்தக் கையோட நீ என்ன வெட்டுவே?”

“நீங்க எந்தக் கையோட வெட்டுவீங்க சார்?”

“வாயைக் கொறை. நாலு வாரம் லீவு தர்றேன். திரும்பி வரும்போது கை ஒழுங்கா இருந்தா மேசை. இல்லேன்னா பட்டன் பக்கம் உட்காரு.”

பட்டன் பக்கம் என்பது கூடத்தின் பின்மூலை. கண் மங்கியவர்கள், முதுகு போனவர்கள், இனி வேறெதற்கும் ஆக மாட்டார்கள் என்று முடிவு கட்டப்பட்டவர்கள் அங்கே உட்கார்ந்து தட்டில் பட்டன் பொறுக்குவார்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி மேசைக்கு வந்ததில்லை. வியாதி வந்தபோதுகூட அவள் அப்படிப் பயப்படவில்லை.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். வீட்டுக்காரரின் அக்கா. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து ஆறு வருஷமாக மாடியறையில் இருக்கிறாள். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்தே பாதி டாக்டர் ஆனவள்.

“உடம்புல அழுக்குத் தண்ணி தேங்கிருக்கும்மா. அதை வெளியேத்தணும். வெறுந்தோல்ல பிரஷ் போட்டுத் தேய்க்கணும். வெந்நீர் ஒத்தடம். அப்புறம் நல்லா அழுத்திப் புழிஞ்சு விட்டா, பத்தே நாள்.”

“நான் என்ன ஈரத்துணியா அண்ணி, புழியறதுக்கு?”

“உனக்கு நல்லது சொன்னா எப்பத்தான் ஏறிருக்கு?”

நாலு வாரக் கெடு மட்டும் இல்லையென்றால் அவள் அந்தக் கையை நாத்தனாரிடம் நீட்டியிருக்கவே மாட்டாள். நீட்டினாள். நாத்தனார் சொரசொரப்பான பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்த்தாள். வெந்நீர்ப் பையை வைத்து அமுக்கினாள். இரண்டு கட்டைவிரலாலும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏற்றி ஏற்றிப் பிசைந்தாள். ஆறு வருஷக் கணக்கையெல்லாம் அந்தக் கையிலேயே தீர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கூடவே தினம் ஒரு டம்ளர் பச்சை இலைச் சாறு. அதைக் குடித்துவிட்டு வருகிற ஏப்பத்துக்கு வீட்டில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

ஐந்தாம் நாள் கை செக்கச்செவேல் என்று ஆகி, தொட்டால் சுட்டது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். வீட்டுக்காரர் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினார். டாக்டர் தோலில் இருந்த கீறல்களைப் பார்த்தார். இந்தக் கையில் சின்னக் கீறல் வழியாகக் கிருமி போனாலும் இப்படித்தான் ஆகும், காய்ச்சலும் சிவப்பும் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் உட்காரக் கூடாது என்று கத்தினார். மருந்து ஏற்றினார்கள், இடது கையில். வலது கையில் இனி ஊசியும் கூடாது, ரத்த அழுத்தப் பட்டையும் கூடாது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்.

கெடுவில் முதல் வாரம் இப்படியே போயிற்று. மீதி மூன்று வாரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிரஷ்ஷைக் குப்பையில் போட்டாள். நாத்தனார் அதை எடுத்துக் கழுவி, தன் குதிகால் தேய்க்க வைத்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற பேச்சு அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை.

காய்ச்சல் விட்டு, சிவப்பு முழுக்க அடங்கியபிறகு டாக்டர், நாத்தனாரின் பத்து நாள் வைத்தியத்தையும் சீட்டில் எழுதி, அவளை பிசியோ அம்மாவிடம் அனுப்பினார். ஐம்பதை நெருங்குகிற, சிரிக்கவே தெரியாத ஒரு பெண்பிள்ளை. வெளியே பெஞ்சில் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

“தடவறதைக் கழுத்துலேருந்து ஆரம்பிங்க” என்றாள் அந்த அம்மா.

“வீக்கம் கையில இருக்கு.”

“தெரியுது. கண்ணு இருக்கு எனக்கு.”

“அப்புறம் எதுக்குக் கழுத்து?”

“ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கு. நிணநீரைத் தள்ள அப்படி ஒண்ணும் பெரிசாக் கிடையாது. நீங்க மூச்சு விடறது, கையை ஆட்டறது, தோலை நகத்தறது, இதுலதான் அது பெரும்பாலும் ஓடணும். அக்குள்ல இருந்த வழியை எடுத்தாச்சு. சுத்து வழியிலதான் அனுப்பணும். போற இடத்தை முதல்ல காலி பண்ணுங்க. கழுத்து, நெஞ்சு, மேல்கை, அப்புறம்தான் கீழ்க்கை.”

கத்தரிக்கு இது உடனே பிடிபட்டது. முன்னால் நிற்கிற வண்டி நகராமல் பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்காரர் தினமும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் புலம்புவதுதான் இது. ஆனால் பிடிபட்டது என்று காட்டிக்கொள்ளவில்லை. கழுத்தெலும்புக்கு மேலே விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

அந்த அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். “மாவா பிசையறீங்க? தோல் மட்டும்தான் நகரணும். அடியில சதை அசையக் கூடாது.”

“இது என்ன தூசி தட்டறதா?”

“தூசி தட்டறதைவிட மெதுவா.”

“இப்படித் தடவினா இது போயிடுமா?”

“போகாது. அடங்கும். அடக்கி வெச்சுக்கணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“இருக்கிற வரைக்கும்.”

“ரொம்ப சந்தோஷமாச் சொல்றீங்க.”

“பத்து நாள்ல போயிடும்னு சொல்ற ஆளு வேணும்னா உங்க வீட்லயே இருக்காங்களே, அங்க போங்க.”

கத்தரி மறுபடி கழுத்தெலும்புக்கு மேலே விரலை வைத்து, இந்தத் தடவை மெதுவாக நகர்த்தினாள். அவளைப் பேச்சில் மடக்கிய ஆளை அவள் பார்த்தே வெகு காலம் ஆகியிருந்தது.

கடைசியாக அழுத்த உறைக்கு அளவெடுக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து தோளுக்குக் கீழ்வரை கையை இறுக்கிப் பிடிக்கிற உறை. காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு கொடுத்துத் தைத்து வாங்குவது. அந்த அம்மா இஞ்ச் டேப்பை எடுத்தாள். கத்தரி அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“நான் இருபத்தாறு வருஷமா அளவெடுக்கிறவ.”

“அளவை நான்தாம்மா எடுக்கணும்.”

“நீங்க எடுத்த அளவுல ஒரு பாவாடை தைக்க முடியுமா? குறிச்சுக்கங்க, நான் சொல்றேன்.”

வெளியே பெஞ்சில் யாரோ உரக்க இருமினார்கள். அந்த அம்மா படிவத்தை அவள் பக்கம் தள்ளினாள். “நீங்களே எழுதுங்க. நீங்களே கையெழுத்தும் போடுங்க.” ஆறு இடத்தில் அளவெடுத்து, கத்தரி குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

வீட்டில் காலையும் மாலையும் அதே வேலை. முதலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வயிறு புடைக்க ஐந்து மூச்சு. பிறகு கழுத்து. பிறகு நல்ல பக்கத்து அக்குள், அங்கே வழி திறந்தே இருக்கிறதல்லவா, அந்தப் பக்கம் பார்த்து நெஞ்சின் குறுக்கே. பிறகு மேல்கை, கடைசியில் கீழ்க்கை. அப்புறம் கையைத் தலைக்கு மேலே தூக்கி விரல்களை மடக்கி விரிப்பது. குளித்தபிறகு விரலிடுக்கு ஈரம் ஒற்றி, தோல் வெடிக்காமல் களிம்பு. காய் நறுக்குவதும் அடுப்பில் கை வைப்பதும் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் நறுக்கிய காயை அவள் ஒன்றொன்றாக எடுத்துக் காட்டி, “இது என்ன, எதுக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ்?” என்று கேட்டாள்.

நாத்தனார் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். “கையில வீக்கமாம், கழுத்தைத் தடவறாளாம். இதுக்கு ஒரு டாக்டராம்.”

“நீங்க தேய்ச்சதுக்கே அந்த டாக்டரு தேவைப்பட்டாரு அண்ணி.”

உறை வந்தது. அவள் கையை விட்டதும் சர்ரென்று ஏறியது, தலையணை உறை மாதிரி. இதைப் போடவே பெரும்பாடு படவேண்டும் என்று மருத்துவமனை பெஞ்சில் நாலு பேர் பயமுறுத்தியிருந்தார்கள். கத்தரி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். “பாத்தீங்களா? அளவுன்னா இது. தெரிஞ்சவ எடுத்தா இப்படித்தான் உட்காரும்.”

ஐந்து நாள் போட்டாள். உறை சரிந்து சரிந்து முழங்கை மடிப்பில் சுருண்டு, அங்கே மட்டும் கயிறு மாதிரி கடித்தது. கடித்த இடத்துக்குக் கீழே கை இன்னும் பருத்தது. புறங்கையில் எலும்பே தெரியவில்லை. கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். அவள் உறையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். வரிசையையெல்லாம் தாண்டி உள்ளே நுழைந்து, உறையை மேசைமேல் எறிந்தாள்.

“எந்தத் திருட்டுப் பய தைச்சான் இதை? நான் கொடுத்த அளவு ஒண்ணு, இவன் தைச்சது ஒண்ணு. உங்களுக்கும் இதுல பங்கு இருக்கா?”

பெஞ்சிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பிசியோ அம்மா எழுந்திருக்கவில்லை. படிவத்தைத் தேடி எடுத்தாள். உறையை மேசைமேல் நீட்டி, ஆறு இடத்திலும் டேப்பை வைத்துப் பார்த்தாள். தைத்தவன் கொடுத்த அளவுக்கு ஒரு மயிரிழை பிசகாமல் தைத்திருந்தான்.

“இடது கையை எடுத்துக்கலாம். என் கண்ணு முன்னாடி ஒரு தடவை அளவெடுங்க” என்றாள்.

“ஏன், பரீட்சையா?”

“எடுங்க.”

கத்தரி டேப்பை இடது முழங்கைக்குக் கீழே சுற்றினாள். வீங்கிய விரல்களால்கூட நறுக்கென்று பிடித்தாள். எண்ணைச் சொன்னாள்.

“விரலை எடுங்க” என்றாள் அந்த அம்மா.

“எந்த விரல்?”

“டேப்புக்கு அடியில இருக்கிறது.”

கத்தரி குனிந்து பார்த்தாள். டேப்புக்கும் தோலுக்கும் நடுவில் அவளுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் படுத்திருந்தன. சட்டைக்கு அளவெடுக்கிறபோது உள்ளே இரண்டு விரல் விட்டு எடுத்தால்தான் போட்டவன் மூச்சு விட முடியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அப்புறம் யாரும் சொல்லவில்லை, அவளும் நினைத்ததில்லை. விரல்கள் தாமாகப் போய்ப் படுத்துக்கொண்டன.

விரலை உருவினாள். டேப்பை இறுக்கினாள். எண் இறங்கியது. ஆறு இடத்திலும் இதே லூஸை வைத்து எழுதிக் கையெழுத்து வேறு போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்த தலை ஒன்று, “என்னாச்சு, தைச்சவனைப் பிடிச்சாச்சா?” என்று கேட்டது.

“சட்டைக்குத்தான் உள்ள இடம் வேணும். இதுக்கு வேண்டாம்” என்று பிசியோ அம்மா படிவத்தைக் கிழித்துப் புதிது எடுத்தாள். இந்தத் தடவை டேப்பை யாரும் பிடுங்கவில்லை. கத்தரி கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

புது உறை வர நாலு நாள் ஆகும். அதுவரை பட்டைத்துணி சுற்ற வேண்டும், விரலிலிருந்து ஆரம்பித்து, கீழே இறுக்கமாக, மேலே போகப் போக இளக்கமாக. ஒற்றைக் கையால் சுற்ற முடியாது. வீட்டுக்காரர் கைக்கு வலிக்குமோ என்று பயந்து பயந்து சுற்றினார், அது வாசற்படி தாண்டும் முன்னே அவிழ்ந்து விழுந்தது. மிச்சம் வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

“என்னைப் புழிய விட மாட்டே. கட்ட மட்டும் விடுவியா?” என்று நாத்தனார் பட்டையை வாங்கினாள்.

“ஆஸ்பத்திரியில குடுத்த படத்துல இருக்கிற மாதிரி கட்டுங்க. உங்க வீடியோல பாத்த மாதிரி வேண்டாம்.”

“வாயிலயும் ரெண்டு சுத்து சுத்தணும் உனக்கு.”

ஆனால் ஒழுங்காகக் கட்டினாள். நாலு நாளும் காலையில் தானே மாடியிலிருந்து இறங்கி வந்து, அந்தப் படத்தை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு கட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் நுனி நீலமாகிறதா என்று பார்த்தாள். திட்டிக்கொண்டேதான் பார்த்தாள்.

புது உறை வந்தது. அதைப் போட வீட்டுக்காரரும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் மூன்று பேரையும் திட்டினார்கள். கெடு முடிகிற அன்று கீழ்க்கையின் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இடது கையைவிட இன்னும் ஒன்றரை கூடுதல்தான், அது போகப்போவதும் இல்லை. ஆனால் கட்டைவிரல் கத்தரி வளையத்துக்குள் போய் வந்தது. பிசியோ அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வேலைக்குப் போகலாம், முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தியே ஆக வேண்டும். பத்து நிமிஷம் கையை உயர்த்தி, விரல் மடக்கி, மூச்சு விட வேண்டும். நிறுத்தாமல் வெட்டினால் பழைய கை பத்து நாளில் திரும்பி வரும்.

மறுநாள் மேசையில் கரு நீலத் துணி எட்டு அடுக்காக விரிந்திருந்தது. கடிகாரம் அவள் உறையை மேலும் கீழும் பார்த்தார்.

“இது என்ன, சண்டைக்குப் போறியா?”

“இங்க வர்றதே அதுக்குத்தானே சார்.”

அவள் வெட்டினாள். முக்கால் மணி நேரம் பழைய மாதிரியே வெட்டினாள். முதுகைப் பார்த்த யாருக்கும் அவள் நடுவில் நாலு வாரம் இல்லை என்று தோன்றியிருக்காது. பிறகு கோட்டின் பாதியில், துணிக்குள்ளேயே கத்தரியை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். வயிறு புடைக்க மூச்சை இழுத்தாள்.

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“என்ன இது?” கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தார். “பாதி வெட்டுல போட்டுட்டு உட்கார்ந்தா என்ன அர்த்தம்?”

“பத்து நிமிஷம்னு அர்த்தம்.”

“டீ நேரம் இன்னும் வரலை.”

“நான் டீ கேட்கலை. கையைக் கேட்டேன்.”

“இப்ப எழுந்திருக்கலேன்னா நேரா பட்டன் பக்கம்தான். யோசிச்சுக்க.”

யோசிப்பதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை. எழுந்து வெட்டினால் இந்த மாசம் மேசை இருக்கும், அடுத்த மாசம் கை இருக்காது. உட்கார்ந்தால் கை இருக்கும், மேசை இந்த நிமிஷமே போகும். பின்மூலையில் பட்டன் தட்டுகளுக்கு மேலே நாலு முகங்கள் நிமிர்ந்து அவளையே பார்த்தன. அவள் எழுந்திருக்கவில்லை. விரல்களை மடக்கினாள், விரித்தாள், மடக்கினாள்.

“பத்து நிமிஷம் நீ வெட்டலேன்னா வேலை நின்னுடுமா? பெரிய வித்தை! தள்ளு.” கடிகாரம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கத்தரியைப் பிடித்தார். கூடத்துக்கே கேட்க, “கோடுதான் போட்டிருக்கே. அதுமேல வெட்டத் தெரியாதா?” என்றார்.

மேல் அடுக்கு கோட்டின் மேலேயே வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வெட்ட வெட்டத் துணியை இழுத்துக்கொண்டே போனார். அடி அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோணிக்கொண்டு நகர்வது மேசைப் பக்கம் உட்கார்ந்திருந்த கத்தரிக்கு நன்றாகத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுகரை வந்ததும் கடிகாரம் அடுக்கைப் பிரித்தார். முதலாவது, ஒழுங்கான சட்டை முன்பக்கம். மூன்றாவதில் தோள் ஒரு விரல் குறைந்தது. ஐந்தாவதில் கழுத்து காதுப் பக்கம் போயிருந்தது. எட்டாவதை அவர் தூக்கிப் பிடித்தபோது அது எந்த உடம்புக்கும் எந்தப் பக்கமும் இல்லை. பட்டன் பக்கத்திலிருந்து ஒருத்தி, “ஒத்தத் தோள் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடமா சார்?” என்றாள். கூடமே சிரித்தது.

அவர் எட்டையும் சுருட்டி மேசைக்கடியில் போட்டார். பிறகு புதுத் துணி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். கத்தரியைத் துடைத்து, அதன் பிடியை அவள் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.

“எழுந்து வந்து வெட்டு.”

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு” என்றாள் அவள், தூக்கிய கையை இறக்காமல். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், காத்து வரட்டும்.”